மாமியார் சந்தில் மாட்டிய கல்

அந்த அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் சீவலம்மா. கல்லைச் சீவுகிறவள் என்பதால் எந்தக் காலத்திலோ ஒரு டிரைவர் வைத்த பெயர். டிரைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பெயர் போகவில்லை. பெயரில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. யாராவது தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்பதே அவளுக்குச் சங்கடம். எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன.

பாறைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதுகிற அலுவலகம் அது. எழுதுகிறவர்கள் மேல் மாடிகளில் இருந்தார்கள். அவள் கீழே, பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்த அறையில். கூரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்பும் ஷூவும் தெரியும். இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்து, யார் தாமதமாக வருகிறார்கள், யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள், யாருக்குப் புது ஷூ கடிக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாரிடமும் சொன்னதில்லை.

வேலை இதுதான். சாக்கில் கல் வரும். வைரத்தூள் பதித்த வட்டக் கத்தியில் கொடுத்து அதிலிருந்து ஒரு பிஸ்கட் அளவுக்குத் துண்டு எடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்து ஒட்டி, அரைப்பொடியில் தேய்க்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட மிஞ்சாத அளவுக்குத் தேய்ந்த பிறகு, கல்லுக்குள் வெளிச்சம் புகும். தேய்ந்தது போதுமா என்பதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து நிறத்தால் கண்டுபிடிப்பாள். குவார்ட்ஸ் படிகம் தடிமனாக இருக்கும்வரை மஞ்சளாகத் தெரியும். தேயத் தேய மஞ்சள் வெளுத்து, சாம்பல் கலந்த வெள்ளைக்கு வரும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் கண்ணாடி இருக்கும், கல் இருக்காது.

எட்டாவதோடு படிப்பு நின்றவள். அங்கே துடைப்பத்தோடுதான் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது கல் அறுத்துக்கொண்டிருந்தவர் ஒரு முசுடு. சொல்லித் தருகிற வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை. பெருக்குகிற சாக்கில் இரண்டு வருடம் அவர் கையைப் பார்த்தாள். ஒரு நாள் அவர் வரவில்லை, அவசரக் கல் ஒன்று வந்து கிடந்தது. அறுத்துத் தேய்த்து வைத்துவிட்டாள். மேலே இருந்த பாறை நிபுணர் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, “இதை யார் அறுத்தது?” என்று கேட்டபோது அவள் பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். துடைப்பக் கட்டை வெளியே தெரிந்ததால் அகப்பட்டாள்.

அந்த நிபுணர்தான் இன்றுவரை அவளுக்கு சார். சாருக்குப் பேச ஆள் வேண்டும், அவளுக்குப் பேசாமல் இருந்தால் போதும். அதனால் இருவருக்கும் ஒத்துப்போனது. அந்த ஊரில் எங்கே நின்று அண்ணாந்தாலும் தெரிகிற மலை ஒன்று உண்டு. உச்சியில் புல் பூண்டு எதுவும் இல்லாத கிரானைட். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மொட்டை. அவளுடைய அறையிலிருந்து மட்டும் அது தெரியாது. ஆனால் மொட்டையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அத்தனை துண்டு சீவியிருக்கிறாள்.

“மொட்டை மலையாப் பிறக்கலை சீவலம்மா,” என்பார் சார், டீயை ஆற்றிக்கொண்டே. “பூமிக்கு அடியிலே, மைல் கணக்கான பாறைக்குக் கீழே, கொதிக்கிற குழம்பா இருந்தது. அவசரமில்லாம ஆறினதாலதான் இப்படி மணி மணியா உறைஞ்சிருக்கு. மேல கிடந்த பாரமெல்லாம் மழையிலயும் காத்துலயும் கரைஞ்சு போச்சு. பாரம் இறங்கினா நிம்மதியாத்தானே இருக்கணும்? அதுதான் கிடையாது. அத்தனை நாள் அமுங்கிக் கிடந்தது விரியப் பாக்குது. விரியும்போது வெளிப்பக்கம் தகடு தகடா வெடிக்குது. வெங்காயம் மாதிரி.”

அவள் தலையை ஆட்டுவாள். அமுக்கி வைத்த ஒன்று என்றைக்காவது வெடிக்கும் என்பது அவளுக்கு விளங்காத விஷயம் அல்ல.

வீடு நான்காவது மாடியில். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்று மூன்று வருடமாகிறது. கேட்டால், “டாக்டர் வீட்ல யாருக்கும் காய்ச்சலே வரக் கூடாதா?” என்பார். யாராவது லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் போன் வரும். ஓடுவார். ஆனால் போனதும் இயந்திரத்தில் கை வைக்க மாட்டார். மூடிய கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார்.

“உள்ளே இருக்கிறவனுக்கு முதல்ல வேண்டியது காத்து இல்லை, பேச்சு,” என்பது அவருடைய தொழில் ரகசியம். “இன்னைக்கு வீட்ல என்ன சமையல்னு கேப்பேன். நல்லா இல்லேன்னா யாரைத் திட்டணும்னு கேப்பேன். பொண்டாட்டியைத் திட்டுறவன் திட்டட்டும், முதலாளியைத் திட்டுறவன் திட்டட்டும். வாய் ஓடினா மூச்சு தானா ஓடும்.”

ஒரே மகள். அப்பாவின் வாயையும் அம்மாவின் கண்ணையும் எடுத்துக்கொண்டு பிறந்தவள். வாரத்தில் ஆறு நாள் செல்போன் கடையில் வேலை, ஏழாவது நாள் பாறை. பதினைந்து வயதில் மலையேற்றக் குழு ஒன்றில் சேர்ந்தாள். இருபத்தோரு வயதில், குழு மொட்டைக்குப் புது வழி போடத் தீர்மானித்தபோது, முதல் ஆளாகக் கயிற்றில் போகிறவள் என்று அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ‘பலகை’ என்று அழைக்கப்படும் பெரிய வழுக்குப் பாறை. அதன் மேல் விளிம்பில் துளையிட்டு போல்ட் இறக்க வேண்டும். அந்த போல்ட்டில் தன் முழுக் கனத்தையும் தொங்கவிட்டு அதன் உறுதியைக் காட்ட வேண்டியவளும் அவளே. துளை போட அனுமதி வேண்டுமானால் பாறை உறுதியானது என்று சாருடைய அறிக்கை வேண்டும்.

சாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நெருங்கிக்கொண்டிருந்தது. “பலகையிலேர்ந்து நீயே ஒரு துண்டு எடுத்துட்டு வாம்மா. வெடிக்கிற தகடு எந்த வாட்டத்துல போகுதுன்னு ஒரு கோடு மட்டும் மறக்காம போட்டுடு,” என்று மகளிடம் போனில் சொன்னார். விளிம்பில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு கட்டியைப் பெயர்த்து, மகள் அதில் கோடு போட்டாள். கையில் இருந்தது சிவப்பு மார்க்கர்.

சீவலம்மாவின் அறையில் சிவப்புக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: கத்தி இந்த வழியாகப் போகட்டும். வருகிற ஒவ்வொரு கல்லிலும் சாரே தன் கையால் போடுகிற கோடு அது. இந்தக் கல் வந்தபோது சார் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு சாயங்காலம் முழுக்கச் சமையலறை மேடையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அம்மா அதைச் சுற்றிச் சுற்றித்தான் சமைத்தாள். கோட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாத கல்லா என்று மகள் நினைத்தாள். சார் சொல்லித்தானே கோடு போட்டிருப்பாள் என்று அம்மா நினைத்தாள்.

மகள் கொண்டுவந்த கல் என்பதால் சீவலம்மா அதை வழக்கத்தைவிட நிதானமாக அறுத்தாள். சிவப்புக் கோட்டின் மேலேயே, மயிரிழை பிசகாமல். ஐந்து துண்டு தேய்த்து வைத்தாள். கட்டுப் போட்ட காலோடு திரும்பி வந்த சார் ஐந்தையும் பார்த்துவிட்டு, “பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு கீறல் இல்லை,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகள் அந்தக் காகிதத்தை வீட்டுச் சுவரில் ஒட்டினாள்.

பிறகு, சார் கைத்தடியோடு நடமாடத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. அறுத்ததுபோக மீந்த துண்டுகளை மிச்சக்கல் என்பார்கள். அவற்றைக் கழுவி மரத்தட்டில் அடுக்குவது அவளுடைய வழக்கம். மகளின் மிச்சக்கல்லையும் கழுவி ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கல்லின் முகம் காய்ந்து வெளுத்தது. ஆனால் குறுக்குப் பக்கத்தில் மட்டும் ஏழு கறுப்பு இழைகள் காயாமல் நின்றன. பென்சிலால் கோடு இழுத்ததுபோல, ஒன்றுக்கொன்று இணையாக. தண்ணீர் உள்ளே போயிருந்தால்தான் அப்படி நிற்கும். தண்ணீர் போக வழி இருந்தால்தான் உள்ளே போகும்.

ஏழும் சிவப்புக் கோடு போன வாட்டத்திலேயே போயின.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இது கத்திக்கான கோடே இல்லை. வெங்காயத்தின் தோல் போகிற வாக்கில் உரித்துவிட்டு, வெங்காயத்தில் அடுக்கே இல்லை என்று எழுதி வாங்கியிருக்கிறோம். அந்த விளிம்பில்தான், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, மகள் தொங்கப்போகிறாள்.

ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மேலே ஜன்னலில் எல்லோருடைய செருப்பும் வீட்டுக்குப் போய் முடிந்தது.

சொல்லிவிட்டால் தீர்ந்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் சொல்வது என்றால் மாடிப்படி ஏற வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், ‘நீங்கள் கையெழுத்துப் போட்டது தப்பு’ என்று அந்தக் கையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டாவது படித்தவளைக் கத்தியில் உட்காரவைத்ததே தப்பு என்று ஏற்கெனவே இரண்டாவது மாடியில் பேசுகிறவர்கள் உண்டு. வீட்டில் சொல்வது என்றால் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். கோடு போட்டது நீதான் என்றும் அதில் வரும். ஆறு வருடமாக மகள் காத்திருந்த ஏற்றம் அது.

திங்கட்கிழமை சாருடைய கதவுவரை போனாள். உள்ளே ஆள் இருந்தது, திரும்பினாள். செவ்வாய்க்கிழமை உள்ளே யாருமில்லை. “என்ன சீவலம்மா?” என்றார். “அரைப்பொடி தீந்துபோச்சு சார்,” என்றாள். அலமாரியில் ஆறு டப்பா இருந்தது. மாலையில் ஏழாவது வந்து சேர்ந்தது.

புதன்கிழமை அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. மிச்சக்கல்லை நன்றாக நனைத்து, முகம் காய்ந்து இழைகள் தெரிய ஆரம்பித்த நேரம் பார்த்து, சார் டீ குடிக்கப் போயிருந்தபோது அவர் மேஜை நடுவில் வைத்துவிட்டு வந்தாள். கல்லைப் பார்த்தால் அவருக்கே புரியும். கல்லைத்தான் அவர் படிப்பார். ஆனால் வராந்தாவில் அவரை யாரோ பிடித்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம். மேஜைக்கு மேலே மின்விசிறி. அவர் வந்தபோது கல் முழுக்கக் காய்ந்து, எல்லாக் கல்லையும்போல இருந்தது. சாயங்காலம் குப்பைக் கூடையை எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். பறக்கிற காகிதங்களுக்கு மேல் பாரமாக அதை வைத்திருந்தார்.

“நல்ல கனம் சீவலம்மா. நீதான் வச்சியா? இத்தனை நாள் ஒரு கல்லு வேணும் வேணும்னு நினைச்சேன்.”

“ம்,” என்றாள்.

சனிக்கிழமை காலை, வீட்டில் மகள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, வெளியே இருக்கிறவர்தான் பேச்சுக் கொடுக்கணுமா? உள்ளே இருக்கிறவங்க தானாப் பேச மாட்டாங்களா?”

“தானாப் பேசத் தெரிஞ்சவன் படிக்கட்டுல போயிருப்பான்,” என்றார் அவர். “யாரு மாட்டிக்கிட்டா?”

“யாருமில்லை.”

அன்று மதியம், சார் இல்லாத நேரத்தில் மேஜையிலிருந்து கல்லைத் திருடிக்கொண்டு வந்தாள். இரவு சாப்பிடும்போது மகளிடம், “நாளைக்கு நானும் மலைக்கு வரேன்,” என்றாள்.

மகளுக்குக் கையில் எடுத்த உணவு வாய்க்குப் போகவில்லை. “நீயா? படிக்கட்டே நாலு மாடிக்கு நாலு தடவை நிப்பியே.”

“நின்னு நின்னு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை. போல்ட் இறக்குவதை நேரில் பார்க்க சாரும் வந்திருந்தார், ஒரு கைத்தடியோடு. பலகைக்குக் கீழே ‘மேடை’ என்று ஒரு சமதளம். அதுவரைக்கும் கால் உள்ளவர்கள் யாரும் ஏறலாம். குழுவில் மற்ற நாலு பேரும் டிரில்லையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். கடைசியாக மகள், அவளுக்குப் பின்னால் சீவலம்மா, அவளுக்கும் பின்னால் சார். மிச்சக்கல் ஒரு துணிப்பையில், அவளுடைய தடித்த மேல்சட்டைக்கு உள்ளே, இடுப்போடு இறுக்கிக் கட்டியிருந்தது. மேடைக்குப் போனதும் எடுத்து, தண்ணீர் ஊற்றி, எல்லோர் முன்னாலும் வைத்துவிடுவது என்று தீர்மானம். பேச வேண்டியதில்லை. கல் பேசிக்கொள்ளும். வழியெல்லாம் அதையே மனதுக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும், தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், யாராவது குறுக்கே வந்து கல்லின் மேல் உட்கார்ந்தார்கள்.

மேடைக்கு முன்னால் ஒரு வெடிப்பு. ஆறு ஆள் உயரமுள்ள இரு பாறைச் சுவர்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நகர்கிற இடைவெளி. முப்பது தப்படி நீளம். அதற்கு மாமியார் சந்து என்று பெயர். உள்ளே விடும், வெளியே விடாது என்று இளைஞர்கள் சொல்வார்கள். மாமியார்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

“மேல்சட்டையைக் கழட்டிடும்மா, சுலபமா இருக்கும்,” என்றாள் மகள்.

“குளிருது,” என்றாள் சீவலம்மா. வியர்த்துக்கொண்டிருந்தது.

பாதி வழிவரை சரியாகத்தான் போனாள். நடுவில் ஒரு சுவர் மூக்குப்போலப் புடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்ட இடுப்பை நகர்த்தியபோது, உள்ளே இருந்த கல் மூக்கின் கீழே போய் உட்கார்ந்தது. முன்னால் தள்ளினாள், கல் விலா எலும்பில் இடித்தது. பின்னால் இழுத்தாள், வரவில்லை. கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்து பாறையில் ஒட்டிக் கிடந்தன. இறக்க இடமில்லை. தலையைத் திருப்பினால் அவள் மூக்கு பாறையில் உரசியது. மேலே வானம் ஒரு நூல்.

கன்னத்தில் கிரானைட் ஜில்லென்று இருந்தது. கண் இமைக்கு முன்னால் குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார், கருப்பு மைக்கா. எல்லாம் தெரிந்த முகங்கள். இருபது வருடம் இவற்றைத் தேய்த்துத் தேய்த்து வெளிச்சம் புக வைத்திருக்கிறாள். இங்கே அவற்றின் மொத்தக் கனமும் சேர்ந்து நின்றது. மூச்சு மேலேயே ஏறி, இறங்க மறந்தது.

“அம்மா? நின்னுட்டியா?” மகள் நாலடி தள்ளி முன்னால் இருந்தாள்.

“ம்.”

“மாட்டிக்கிட்டியா?”

பின்னாலிருந்து சாரின் குரல்: “என்னாச்சு, வண்டி ஏன் நிக்குது?”

“டிராஃபிக் சார்,” என்றாள் மகள். அவள் நகர்ந்து நகர்ந்து அம்மாவின் விரல் நுனியைத் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டாள். அம்மாவின் மூச்சுச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவோடு எத்தனையோ கட்டடங்களுக்குப் போய், மூடிய கதவுக்கு வெளியே நின்று பார்த்தவள் அவள். குரலை மாற்றிக்கொண்டாள்.

“அம்மா, இன்னைக்குக் காலைல என்ன சமையல்?”

“உனக்குத் தெரியாதா?”

“மறந்துடுச்சு. சொல்லு.”

“ரொட்டி.”

“தொட்டுக்க?”

“முட்டை.” ஒரு மூச்சு இறங்கியது. “உப்பு கூடிப்போச்சு.”

“ஆமா, கூடித்தான் போச்சு. யாரைத் திட்டலாம் சொல்லு.”

“என்னைத்தான்.”

“உப்புக்காகவா?”

மகளின் கை மெதுவாக அம்மாவின் விலாவுக்கும் பாறைக்கும் நடுவே துழாவியது. நின்றது.

“இடுப்புல என்னம்மா இது?”

“கல்லு.”

“கல்லா? மலைக்கு வரும்போது வீட்லேர்ந்து கல்லு கட்டிக்கிட்டு வந்தியா?”

“இங்கே பத்தாதுன்னு நினைச்சிருப்பாங்க,” என்றார் சார் பின்னாலிருந்து.

“அது உங்க கல்லு சார்,” என்றாள் சீவலம்மா. “மேஜை மேல இருந்தது. அதுக்கு முன்னாடி உன் கல்லுடி அது. பலகையிலேர்ந்து நீ எடுத்துட்டு வந்தது. நான் தப்பா அறுத்துட்டேன்.”

இருவர் முகமும் அவளுக்குத் தெரியவில்லை. ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். அவளுக்கு முன்னால் கல் மட்டும். கல்லைப் பார்த்து அவளுக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை.

“சிவப்புக் கோட்டுல அறுத்தேன் சார். அது கத்திக் கோடு இல்லை. தகடு போற கோடு. வெங்காயத்தைத் தோல் போற போக்குல உரிச்சா ஒரு தோல் முழுசா வரும், வழவழன்னு இருக்கும். குறுக்கே நறுக்கினாத்தான் எத்தனை அடுக்குன்னு தெரியும். நீங்க பார்த்த அஞ்சும் தோலு சார். கழுவி வச்சப்ப குறுக்குப் பக்கத்துல ஏழு வெடிப்பு காயாம நின்னுச்சு. எல்லாம் ஒரே வாட்டம். அந்த விளிம்பு தனியா நிக்குது சார். அதுல போல்ட் போட்டு இவ தொங்கக் கூடாது.”

அவ்வளவு நீளமாக அவள் பேசி அவளே கேட்டதில்லை. சந்து அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டது.

“எப்பத் தெரியும்?” என்றாள் மகள். குரலில் இப்போது அப்பா இல்லை.

“ஒன்பது நாளா.”

“ஒன்பது நாள். தினமும் என் எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டே.”

“ம்.”

“ம்-னு சொல்லாதே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே சீவலம்மா,” என்றார் சார். அவருக்கு மூச்சு வாங்கியது. நடந்ததாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

“நனைச்சு மேஜை மேல வச்சேன் சார். நீங்க பேப்பர் மேல வச்சிட்டீங்க.”

சார் கைத்தடியைப் பாறையில் தட்டினார். “வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. தினமும் ஆபீஸ்லதானே இருக்கோம்.”

“ஆபீஸ்ல கதவு இருக்கு சார்.”

மகள் மேல்சட்டைப் பொத்தான்களை ஒரு கையால் அவிழ்த்து, துணிப்பையின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். கல் சரிந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதைத் தன் காலடியில் வைத்துவிட்டு, வறண்ட குரலில் சொன்னாள்: “மூச்சை முழுசா வெளியே விடு. இன்னும். வயிறு முதுகுல ஒட்டணும். இப்ப வலது தோளை மேல தூக்கு. பார்க்காதே, நகரு.”

சீவலம்மா நகர்ந்தாள். பாறை மூக்கு அவள் வயிற்றை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று.

மேடையில் நல்ல வெயில். டிரில்லைத் தயாராக வைத்துக்கொண்டு குழு காத்திருந்தது. மகள் யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கல்லின் மேல் கவிழ்த்தாள். எல்லோரும் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கல் காய்வதைப் பார்த்தார்கள். யாரும் அதன் மேல் உட்காரவில்லை. கல்லின் முகம் வெளுத்தது. இழைகள் நின்றன. மகள் விரலால் எண்ணினாள். ஏழு.

“கீழ்ப்பக்கம் தட்டிப் பார்த்தோமே, நல்லாத்தானே கேட்டுச்சு,” என்றான் குழுவில் ஒருவன்.

“மேல தட்டலை,” என்றாள் மகள். “மேலதான் சாரோட காகிதம் இருக்கேன்னு விட்டுட்டோம்.”

பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிளவு வழியாக, இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சுத்தியலோடு ஏறினாள். மகள் ஏறுவதைச் சீவலம்மா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். அந்தக் கால் வைக்கிற நிதானம் எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. மகள் விளிம்புக்குப் பக்கத்தில் போய், எட்டித் தட்டினாள். கணீர் என்றது. ஒரு கை தள்ளி. கணீர். இன்னும் ஒரு கை தள்ளி, போல்ட் போடக் குறி வைத்திருந்த இடத்தில் தட்டியபோது, பொத் என்றது. காலி மரப்பெட்டியைத் தட்டியதுபோல. மறுபடியும் தட்டினாள். பொத்.

சார் தொப்பியைக் கழற்றியிருந்தார். “இறங்கும்மா,” என்றார்.

டிரில்லைப் பைக்குள் போட்டார்கள். இந்த வருடம் புது வழி கிடையாது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. மகள் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி, மேடையின் ஓரத்தில் ஊரைப் பார்த்து உட்கார்ந்தாள். “கோடு நான் போட்டது,” என்றாள் ஊரிடம்.

சார் கைத்தடியால் தரையில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சீவலம்மாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “காகிதத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். என்ன எழுதணுமோ எழுதுறேன். ஆனா இனிமே ஒவ்வொரு கல்லுக்கும், கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, நீ மேல வந்து என்கிட்ட கேக்கணும். எந்தப் பக்கம் சார்னு.”

“எழுதி அனுப்பட்டுமா சார்?”

“கூடாது. வாயால.”

இறங்கும்போதும் அதே சந்துதான். மகள் சந்தின் வாசலில் நின்று, “நீ முன்னாடி போ,” என்றாள். மிச்சக்கல் இப்போது மகளின் பையில் இருந்தது. சீவலம்மா மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இந்தத் தடவை இடம் இருந்தது. இருந்தாலும் பாறை பாறைதான். நடு மூக்கை நெருங்கியபோது கால் தானாக நின்றது. மூச்சு மேலே ஏறப் பார்த்தது.

பின்னால் மகளின் காலடியும் நின்றது.

“வாயை மூடிட்டே நடக்காதேம்மா,” என்றாள் பிறகு. கோபம் அப்படியே இருந்தது. “பேசிக்கிட்டே போ.”

“என்ன பேச?”

“ஒன்பது நாளா என்ன பண்ணினேன்னு சொல்லு. ஒண்ணுவிடாம. முதல் நாள்லேர்ந்து.”

சீவலம்மா மூச்சை முழுவதும் வெளியே விட்டாள். வலது தோளைத் தூக்கினாள்.

“முதல் நாள் வெள்ளிக்கிழமை,” என்று ஆரம்பித்தாள். “கல்லைக் கழுவி ஜன்னலுக்குக் கீழே வச்சேன்...”